அம்மாகிட்ட குடு

துருக்கி மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். யார், யாருக்கு, எங்கே, எதை என்று எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்திவிட்டு, என்ன நடந்தது என்பதை வாலில் சொல்வார்கள். தமிழும் அப்படித்தான் என்பதால் எனக்கு அது ஒரு பாடமாகவே தெரியவில்லை. இணையத்தில் வகுப்பெடுக்கும் பெண்மணி ஆங்கிலக்காரர்களை மனதில் வைத்துக்கொண்டு அந்த ஒரு விஷயத்துக்கே அரைமணி நேரம் மெனக்கெட்டார். நான் தள்ளிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.

விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் நான் தமிழாசிரியன். வீடு திண்டிவனத்தில். தினமும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, புரியாத பாஷையை முணுமுணுக்கும் ஐம்பது வயது ஆளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆசிரியர் அறையில் என்னை வைத்து நன்றாகவே பொழுது போக்கினார்கள். துருக்கியில் தமிழ் வாத்தியார் வேலை காலியாக இருக்கிறதா என்று கணக்கு ஆசிரியர் விசாரித்தார். விஷயம் தெரிந்த யாரோ அவர் காலை மிதித்திருக்க வேண்டும், மறுநாளிலிருந்து யாரும் கேட்கவில்லை. அவர்கள் கேலி செய்ததைவிட, கேலியை நிறுத்திக்கொண்டதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

காரணம் என் தங்கை. குயிலாப்பாளையத்தில் ஒரு தையல் கூடத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மண்ணில் வீடு கட்டுவதைக் கற்றுக்கொள்ள அந்தப் பக்கம் வந்த துருக்கிக்காரர் ஒருவரை விரும்பினாள், பதிவுத் திருமணம் செய்துகொண்டாள், அவரோடு துருக்கியில் இஸ்மிர் நகரத்துக்குப் போய்விட்டாள். ரொம்பச் சுருக்கமாகச் சொல்கிறேன். உண்மையில் அது எங்கள் வீட்டைப் பல மாதம் அடித்துத் துவைத்த விவகாரம். அம்மா அப்போதே இல்லை. அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒலக்கூர் பக்கத்தில் கொஞ்சம் நிலம் வைத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். வேற மதம், வேற தேசம், முகம் தெரியாத சனம் என்று அவர் கத்தியதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். அவர் கத்தி முடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வீடியோவில் கூப்பிடுவாள். மடியில் அவள் மகள் இருப்பாள். நலம் விசாரித்து, மழை விசாரித்து, என் மனைவியின் முட்டி வலியை விசாரித்து, கடைசியில் எப்போதும் ஒரே இடத்துக்கு வருவாள்.

"அப்பாகிட்ட குடுண்ணா."

அப்பா பக்கத்து அறையில்தான் இருப்பார். அவள் குரல் அவருக்கு நன்றாகவே கேட்கும். நான் வாசல்படி வரைக்கும் போனால், கட்டிலில் படுத்தபடியே கையை ஆட்டுவார். பஸ்ஸில் இடமில்லை என்று சொல்லக் கண்டக்டர்கள் ஆட்டுவார்களே, அந்த மாதிரி. நான் திரும்பி வந்து அப்பா கழனிக்குப் போயிருக்கிறார் என்பேன், தூங்குகிறார் என்பேன். தங்கை சரி என்று சிரிப்பாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சுவாள். மடியில் இருக்கும் குழந்தை அண்ணாந்து அவள் முகத்தையும் பார்க்கும், என் முகத்தையும் பார்க்கும். குழந்தைதானே, அதற்கு என்ன தெரியப்போகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் அவளைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் அப்பா "உன் தங்கச்சி" என்பார். உன் தங்கச்சி போன் பண்றா. உன் தங்கச்சி ஏதோ பார்சல் அனுப்பிகிறா. அவர் மகள் என்ற சொல் அந்த வீட்டிலிருந்தே போய்விட்டது.

அந்தச் செய்தி வந்த அன்று நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். வகுப்பு முடிந்து பையிலிருந்து போனை எடுத்தால் வெளிநாட்டு எண்ணிலிருந்து தவறிய அழைப்புகள். அவற்றுக்குக் கீழே அப்பாவின் எண். கூப்பிட்டேன்.

"உன் தங்கச்சிக்கு சீரியஸாம். லீவு சொல்லிட்டு கிளம்பி வா."

எங்கள் பக்கத்தில் வளர்ந்த யாருக்கும் அந்த வார்த்தையின் பொருளைச் சொல்லித்தர வேண்டியதில்லை. செத்துவிட்டார் என்று போனில் சொல்ல மாட்டார்கள். சீரியஸ், உடனே கிளம்பி வா என்பார்கள். கேட்கிறவனும் என்ன ஆச்சு என்று துருவ மாட்டான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம், ஒருவேளை நிஜமாகவே சீரியஸ் மட்டும்தானோ என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு வருவான். தெருமுனையில் இறங்கும்போது பந்தல் தெரியும், நாற்காலிகள் தெரியும், மேளம் கேட்கும். அவனே தெரிந்துகொள்வான். யாரும் அவனிடம் சொன்ன பாவத்தைச் சுமக்க வேண்டியதில்லை. நானும் அன்று அப்படித்தான் வந்தேன். ஆனால் எங்கள் தெருமுனையில் பந்தல் இல்லை. உடல் வேறு தேசத்தில் இருந்தது. அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள்.

மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது விழுந்திருக்கிறாள். மறுநாளே அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. இருந்திருந்தாலும் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். காரியத்தன்று மரக்காணம் கடலில் தலை முழுகிவிட்டு வந்து, அவள் படத்துக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, சின்ன சிவப்பு பல்பு ஒன்றை எரியவிட்டோம். இருபத்தோரு வயதில் எடுத்த படம். அதற்கப்புறம் அவள் எங்கள் வீட்டில் எடுத்துக்கொண்ட படம் எதுவும் இல்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடியோவில் வந்தார். மனுஷன் பாதியாக இளைத்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை, எனக்கு வேறு வகையில் அரைகுறை. இரண்டு பேரும் தங்கையை நடுவில் வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் பேசியவர்கள். இப்போது திரையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினோம். பிறகு அவர் போனைக் குழந்தையிடம் கொடுத்தார்.

குழந்தைக்கு ஆறேழு வயது. நெற்றியும் புருவமும் அப்படியே தங்கை. அதைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. என்னை அவள் "தாயி" என்பாள். துருக்கியில் தாய்மாமனுக்கு அதுதான் பெயர். அப்பாவின் சகோதரனுக்கு வேறு சொல், அம்மாவின் சகோதரிக்கு வேறு சொல், நம்மைப் போலவே பிரித்து வைத்திருக்கிறார்கள். தமிழ் அவளுக்கு நான்கைந்து சொற்கள்தான் தெரியும். சாப்பிட்டியா, வா, போ, குளிக்கலாம். பாக்கியெல்லாம் துருக்கிதான். மடமடவென்று ஏதோ சொல்லுவாள், நிறுத்துவாள், பதிலுக்காகப் பார்ப்பாள்.

புரியாத ஆள் பேசினால் நாம் என்ன செய்வோம்? தலையை ஆட்டுவோம். ஆமாம்மா, சரிம்மா, ஆகட்டும்மா. அப்பா இந்தமுறை கட்டிலில் படுத்திருக்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, அந்தக் குழந்தை சொன்னதற்கெல்லாம் என்னைவிட அதிகமாகத் தலையாட்டினார். வாரா வாரம் அப்படித்தான் நடந்தது. அவள் ஏதோ கேட்பாள், நாங்கள் ஆமாம் ஆமாம் என்போம், அவள் எங்கள் தோளைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பாள். வீட்டைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்து, என் மனைவி போனை வாங்கி அடுப்படி, கிணற்றடி, மாடிப்படி எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுவாள். குழந்தை இமைக்காமல் பார்க்கும். ஒவ்வொரு அறையாகப் பார்க்கும். கடைசி அறையும் முடிந்ததும் அதன் முகம் சுருங்கிவிடும். வீட்டைப் பிடிக்கவில்லை போல என்று என் மனைவி வருத்தப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வருவதற்கு முன்னால் அப்பா தங்கையின் படத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவார். குழந்தை பார்த்தால் அழும் என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஒரு வாரம் மறந்துவிட்டார். என் மனைவி கூடத்தைக் காட்டும்போது சுவரில் மாலையோடும் சிவப்பு விளக்கோடும் படம் தெரிந்துவிட்டது. நாங்கள் பதறிப்போனோம். குழந்தை அழவில்லை. சந்தோஷத்தில் குதித்தது. "அன்னெம், அன்னெம்" என்று கத்திக்கொண்டு போனைக் கிட்டத்தில் இழுத்து முத்தம் கொடுத்தது. அவளைப் பொறுத்தவரை பூமாலையும் வண்ண விளக்கும் கொண்டாட்டத்துக்குத்தானே போடுவார்கள்?

அன்றைக்குத்தான் இந்த மொழியைப் படித்தே தீருவது என்று உட்கார்ந்தேன். இலக்கிய ஆர்வம் எல்லாம் ஒன்றுமில்லை, பயம்தான். மாப்பிள்ளை சின்ன வயசுக்காரர், நாளைக்கு வேறு வாழ்க்கை அமையும். குழந்தைக்கு எங்களோடு பேச ஒரு மொழி இல்லாமல் போனால் இந்த ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக நின்றுவிடும். தங்கை இந்த உலகத்தில் விட்டுப்போனது அந்த நெற்றி ஒன்றுதான்.

அந்த மொழியில் எனக்கு ஒரே ஒரு இடம்தான் புதிதாக இருந்தது. நாம் "என் வீடு" என்று முன்னால் ஒரு சொல்லை நிறுத்துவோம். வேண்டாமென்றால் எடுத்துவிடுவோம், வீடு வீடாகவே இருக்கும். அவர்கள் வீட்டிலேயே ஒட்டிவிடுகிறார்கள். எவ் என்றால் வீடு. எவிம், என் வீடு. எவிமிஸ், எங்கள் வீடு. எவிமிஸ்தெ, எங்கள் வீட்டில். அதேபோல அன்னெ என்றால் அம்மா. அன்னெம் என் அம்மா, அன்னென் உன் அம்மா, அன்னெஸி அவளுடைய அம்மா. (அன்னெ என்பதைக் கேட்டவுடன் நம் ஆட்கள் அன்னை என்று துள்ளிக் குதித்து, உலக மொழிகளையெல்லாம் நம் வீட்டுத் திண்ணைக்கு இழுத்துவந்துவிடுவார்கள். எனக்கு அந்த ஆராய்ச்சியில் அக்கறை இல்லை.) பெண்ணின் அம்மா என்று சொல்ல நமக்கு "இன்" ஒன்று போதும். அவர்கள் பெண்ணிலும் ஒரு விகுதி சேர்ப்பார்கள், அம்மாவிலும் ஒரு விகுதி சேர்ப்பார்கள். ஆட்டைக் கட்டும்போது முளைக்குச்சியிலும் ஒரு முடிச்சு, கழுத்திலும் ஒரு முடிச்சு போடுவதில்லையா, அதுமாதிரி. யாருக்கு யார் என்பதில் அந்த மொழிக்குச் சந்தேகமே கிடையாது. உன் தங்கச்சி, உன் தங்கச்சி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்த என் அப்பாவை நினைத்தேன். சொல்லப்போனால் அந்த மொழியிலும் அவர் அப்படியே தப்பித்திருப்பார்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் வரிசையில் நின்ற ஒரு மாலை நேரம். இந்த விகுதிகளுக்கு மேல் நான்காம் வேற்றுமையை எப்படி ஏற்றுவது என்று அந்தப் பெண்மணி சொல்லிக்கொண்டிருந்தார். அன்னெ, அன்னெம், அன்னெமெ. அம்மா, என் அம்மா, என் அம்மாவுக்கு. உதாரணத்துக்கு ஒரு வாக்கியம் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். "அன்னெமெ வெர்." என் அம்மாவிடம் கொடு.

நான் திருப்பிச் சொல்லவில்லை. இந்த இரண்டு சொல்லையும் எனக்கு ஏற்கெனவே தெரியும். வாரா வாரம் கேட்டிருக்கிறேன். எங்கள் தோளைத் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டே அந்தக் குழந்தை கேட்கிற முதல் வாக்கியம் அதுதான். தாயி, அன்னெமெ வெர். மாமா, அம்மாகிட்ட குடு. நாங்களும் ஆமாம்மா, சரிம்மா, ஆகட்டும்மா என்று சொல்லி, ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டியிருக்கிறோம்.

பஸ் திண்டிவனம் வந்து சேர்ந்தது. நான் இறங்கி பஸ் நிலையத்துச் சிமெண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்தே மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்த துருக்கியை உடைத்து உடைத்து, குழந்தை தன் அம்மா எங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று கேட்டேன். அவர் எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக மெதுவாகச் சொன்னார். அவள் அம்மா இந்தியாவில், தாத்தா வீட்டில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். யார் அப்படிச் சொன்னது என்று கேட்டேன். "பாபானஸ்" என்று ஆரம்பித்தார். உங்கள் அப்பா. வினைச்சொல் வருவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். அன்றைக்கு நான் போனை எடுக்காததால் அவர் என் அப்பாவின் எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் மாமனார் அவரோடு பேசியது அதுதான் முதல்முறை. மகள் இறந்துவிட்டாள் என்று கேட்டதும் அப்பா தன் கண்டக்டர் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார்: சைல்டுக்கு நோ டெல். மதர் கோ இந்தியா, அப்படி டெல். மாப்பிள்ளை அதை எங்கள் குலவழக்கம் என்று எடுத்துக்கொண்டார். கடைசியில் ஒருவழியாகப் பேசிய மாமனாரின் முதல் சொல்லைத் தட்டக்கூடாது என்று நினைத்தார். அவருடைய தாயார் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. குழந்தையின் பள்ளிக்குப் போய், ஆசிரியையிடம் கெஞ்சி, மற்றப் பிள்ளைகள் யாரும் வாய்திறக்காதபடி பார்த்துக்கொண்டார். அந்த வகுப்பில் அவளைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். கேட்டேன் என்று நாகரிகமாக எழுதுகிறேன், உண்மையில் தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் கட்டிலில் உட்கார்ந்து லுங்கியின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஓய்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"சாவு சேதிய மூஞ்சிக்கு நேரா யார்னா சொல்வாங்களாடா? உனக்கே நான் சொன்னனா? சீரியஸ்னேன், நீயா வந்து தெரிஞ்சிக்கினே."

"நான் வந்தேன்ப்பா. அது எதுல வரும்? எந்த பஸ்ல ஏறும்?"

எங்கள் வழக்கத்தில் ஒரு இரக்கம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது, கிளம்பி வர வழி இருப்பவனுக்கான இரக்கம். வழியின் கடைசியில் பந்தல் இருக்க வேண்டும். அந்தக் குழந்தையை நாங்கள் பாதி வழியில் இறக்கிவிட்டோம். வாரா வாரம் வீட்டையும் காட்டி, படத்துக்கு மாலை போட்டு, அம்மா இங்கேதான் சௌக்கியமாக இருக்கிறாள் என்று தலையாட்டி உறுதியும் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சொல்லிவிட வேண்டும் என்றேன். அப்பா கூடாது என்றார். கொஞ்சம் வளரட்டும், தானாகத் தெரியும், இப்போது சொன்னால் அது நம்மை வெறுத்துவிடும் என்றார். கடைசியாகச் சொன்னது தனக்காக என்று எனக்குப் பட்டது. அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. மகளுக்குக் கொடுக்காத முகத்தை வாரா வாரம் பேத்திக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பதிலுக்கு அது சிரித்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷன் சாப்பிட்டார், தூங்கினார். ஆனாலும் எனக்குக் கோபம் தணியவில்லை.

மாப்பிள்ளையோடு அந்த வாரம் முழுக்கப் பேசினேன். அவர் சொல்ல முயன்று தோற்றுவிட்டதாகச் சொன்னார். தான் சொன்னால் இத்தனை நாளும் பொய் சொன்ன அப்பா ஆகிவிடுவதாகச் சொல்லி, அப்புறம் அவள் யாரை நம்புவாள் என்றார். அம்மா இருப்பதாக அவள் நினைக்கிற வீட்டிலிருந்தே சொல்லுங்கள் என்றார். அது சரியென்றே எனக்கும் பட்டது. போன் வரும்போது அவர் அடுத்த அறையில் இருப்பார், கூப்பிட்டால் உடனே வருவார் என்று முடிவானது.

சாவுக்குத் தமிழில் எத்தனை மெத்தை இருக்கிறது. காலமானார், தவறிவிட்டார், போய்ச் சேர்ந்தார், சாமிகிட்ட போயிட்டாங்க. துருக்கியிலும் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. ஒன்று பெரியவர்கள் மட்டும் பயன்படுத்துவது, குழந்தைக்குப் புரியாது. இன்னொன்று, தேவதை ஆகிவிட்டாள் என்பது. அதைச் சொன்னால் எப்போது திரும்பி வருவாள் என்று கேட்பாள் என்றார் மாப்பிள்ளை. மிஞ்சியது இரண்டே சொல். அன்னென் ஒல்தூ. உன் அம்மா இறந்துவிட்டாள். விழுப்புரம் போகும்போதும் வரும்போதும் அதைச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். வினைச்சொல் வரும் இடத்தில் என் நாக்கு ஒவ்வொரு தடவையும் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாலை. அப்பா எழுந்து படத்தைக் கழற்றப் போனார். வேண்டாம் என்றேன். அவர் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி அடுப்படி வாசலில் நின்றுகொண்டாள்.

குழந்தை வந்தது. பல் ஒன்று விழுந்திருந்தது, அதைக் காட்டியது. பிறகு வழக்கம்போல, "தாயி, அன்னெமெ வெர்."

அம்மா இங்கே இல்லை என்றேன். துருக்கியில்தான் சொன்னேன். நான் தன் மொழியில் பதில் சொன்னதைக் கேட்டு முதலில் அதன் கண் விரிந்தது. பிறகு என்ன சொன்னேன் என்பது உறைத்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, என் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்த அப்பாவை விரலால் சுட்டி, நீளமாக ஒன்று கேட்டது. அதில் "க்யூஸ்" என்ற ஒரு சொல் இரண்டு தடவை வந்தது. சின்னப் பிள்ளைகள் நம் ஊரில் கட்டை விரலைக் காட்டி "காய்" விடுவார்களே, உன்னோடு பேச மாட்டேன் என்று, அதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்.

"இன்னா கேக்குது?" என்றார் அப்பா.

நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். சீரியஸ் என்று சொல்வதுபோல ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"தாத்தா அம்மாகூட காய் விட்டு பேசாம இருந்தாங்க இல்ல, அதுமாதிரி அம்மாவும் என்கூட காய் விட்டுட்டாங்களா, அதனாலதான் போனுக்கு வர மாட்றாங்களான்னு கேக்குது."

அப்பா திரையைப் பார்த்தபடியே இருந்தார். மடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த குழந்தைக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் ஒருவர் போனுக்கு வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்பதை அது தன் அம்மாவின் முகத்திலிருந்து கற்றுக்கொண்டிருக்கிறது. இத்தனை வாரமும் தான் செய்த தப்பு என்ன என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

"அன்னென் ஒல்தூ," என்றேன்.

அது அசையவில்லை. புரியவில்லையோ என்று பயந்து, என் தங்கை இறந்துவிட்டாள் என்று இன்னொரு விதமாகவும் சொன்னேன். ஆஸ்பத்திரியில், அன்றைக்கே என்றேன். இங்கே வரவேயில்லை என்றேன். வேற்றுமை உருபெல்லாம் சரியாக வந்ததா என்று எனக்குத் தெரியாது. குழந்தை கீழுதட்டைப் பல் விழுந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தது. பிறகு மிகச் சின்னக் குரலில் கேட்டது. க்யூஸ் இல்லையா?

இல்லை என்றேன். உன்மேல் அவளுக்குக் கோபமே வந்ததில்லை என்று சொல்ல நினைத்தேன், அவ்வளவு துருக்கி எனக்கு இல்லை. இல்லை, இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அது போனை அப்படியே சோபாவில் போட்டுவிட்டு எழுந்து ஓடியது. திரையில் அந்த வீட்டு மேற்கூரையும் ஒரு விளக்கின் ஓரமும்தான் தெரிந்தன. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. குழந்தையின் குரல் தள்ளிக் கேட்டது.

"பாபா, அன்னெம் ஒல்முஷ். பானா க்யூஸ் தெயில்மிஷ்."

தான் பார்க்காததை, பிறர் சொல்லிக் கேட்டதைச் சொல்ல அவர்கள் வினையோடு "மிஷ்", "முஷ்" என்று சேர்ப்பார்கள். நாம் "ஆம்" சேர்ப்பதுபோல. வந்தானாம், போனானாம். அப்பாவுக்கு அதெல்லாம் எதற்கு? அவர் என் கையைப் பிடித்து உலுக்கி, இன்னா சொல்லுது, அவங்கப்பன்கிட்ட இன்னா சொல்லுது என்று கேட்டார். எல்லாம் முன்பே தெரிந்த மாப்பிள்ளையிடம் போய் அது புதுச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது.

"அப்பா, அம்மா செத்துட்டாங்களாம். எம்மேல கோவம் இல்லியாம்."

அப்புறம்தான் அங்கே அழுகை ஆரம்பித்தது. முதலில் குழந்தையுடையது, பிறகு மாப்பிள்ளையுடையது. அப்பா கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார்.

"எங்கிட்ட குடுடா. எம் பொண்ணு வீடு, எங்கிட்ட குடு."

கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அம்மா, அம்மா என்று கூப்பிட்டார். திரையில் மேற்கூரையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.